மஞ்சள் வைத்த நீலச் சட்டை

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து எங்கள் தையல் கடை இழுப்பறையில் ஒரு பழைய படம் கிடக்கிறது. ஐம்பதுகளில் பாரிஸில் பெயர்பெற்றிருந்த ஓர் ஆடை நிறுவனத்தில், பென்சிலால் வரைந்த ஒரு கவுனின், எங்கள் பேச்சில் சட்டையின், மாதிரிப்படம். ஒடுங்கிய இடை, விரிந்த பாவாடை, ஓரத்தில் குண்டூசியால் குத்திய கருநீலப் பட்டுத் துண்டு. உடுத்தியிருப்பவளுக்கு முகம் மட்டும் இல்லை. இத்தகைய படங்களில் பெரும்பாலும் முகம் வரைவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இழுப்பறையைத் திறக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

கடையை என்னோடு சேர்ந்து நடத்துபவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன் மூதாட்டி இந்தப் படத்தோடு வந்தார். அவருடைய தமக்கை இளவயதில் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவராம். தனக்கென்று வரைந்த சட்டையைக் கடைசிவரை தைக்கவில்லை. முந்தின நாள் இறந்துபோனார். அதைத் தைத்து உடுத்தித்தான் புதைக்க வேண்டும் என்றார் தங்கை. உடலோ குளிரறையில். அளவுக்கு என்ன செய்வது என்று கேட்டோம். அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்து, "உங்கள் அளவேதான்" என்றார். அக்கா இரக்கப்பட்டுச் சம்மதித்தார்.

அடக்கத்துக்கு முதல் நாள் சட்டை முடிந்தது. விளிம்பு சரியா என்று பார்க்க அக்கா அதைப் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தால் உள்மடிப்பில் ஒரு மஞ்சள் பொட்டு. புத்தாடை உடுத்துமுன் மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். அவர் கை யோசிக்காமல் வைத்துவிட்டது. "என்னக்கா, மஞ்சளும் வைச்சு உடுத்திட்டியள், இனி இது உங்கட சட்டைதான்" என்று பகிடி விட்டேன். என் பாழாய்ப்போன வாய்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "என்ர சட்டையை எப்பிடியடி சவத்துக்குக் குடுக்கிறது?" என்றார். வேறொன்று தைக்கப் பட்டுத்துணியும் இல்லை, நேரமும் இல்லை. மூதாட்டி வாசலில் வந்து நின்றார். அக்கா சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்.

அடக்கத்துக்குப் போனோம். பெட்டி திறந்திருந்தது. இறந்தவர்களுக்கு உடுப்பை முதுகில் வெட்டித்தான் போட வேண்டிவரும், இதற்குக் கத்தரிக்கோலே தேவைப்படவில்லை என்று உடுத்திவிட்டவர் சொன்னார். தோளிலிருந்து இடைவரை ஒரு சுருக்கம் இல்லை. என் கையைப் பிடித்திருந்த அக்காவின் கை சில்லிட்டிருந்தது. படத்தை மூதாட்டி எங்களுக்கே தந்துவிட்டார்.

போன மாதம் அக்காவின் மகளுக்குக் கலியாணம். அக்காவுக்குப் பிளவுஸ் தைக்க அளவு நாடாவோடு போனேன். அக்கா பின்வாங்கினார்.

"வேண்டாம். என்ர அளவு அங்க மண்ணுக்குள்ள கிடக்கு. இன்னொருக்கா எடுக்க ஏலாது."

சிரிக்க வாயெடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்மதிப்பில்தான் வெட்டினேன், தோளில் இரண்டு விரல் தொளதொளத்தது. கலியாண மண்டபத்தில் அக்கா அந்தத் தொளதொளப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். "பொருந்தேல்லையடி" என்று என் காதில் சொன்னார். ஐந்து வருடத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.