போடியாரின் இடது கால்

இயன்மருத்துவ உதவியாளர் பயிற்சியின் செய்முறைப் பரீட்சையில் நான் ஏற்கனவே ஒரு தடவை தவறியிருந்தேன். நோயாளியின் முழங்காலைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவையும் தவறினால் பயிற்சியிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. அது உண்மைதானா என்று அலுவலகத்தில் கேட்டேன். எங்களுக்குப் பொறுப்பான மிஸ்ஸிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளியிடமும் கேட்டுவைத்தேன்.

காவலாளி, "எனக்குத் தெரியா தங்கச்சி, ஆனா அப்பிடித்தான் இருக்கும்" என்றார். அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

பரீட்சைக்கு எனக்குத் தரப்பட்டவர் ஏழாம் கட்டில்காரர். வவுணதீவுப் பக்கம் நிறைய வயல் வைத்திருப்பவர். வார்ட்டில் எல்லோரும் அவரைப் போடியார் என்றே அழைத்தார்கள். வயல் வரம்பில் வழுக்கி விழுந்ததில் இடது கால் எலும்பு முறிந்திருந்தது; இப்போது பிளாஸ்டர் கட்டும் கழற்றியாகிவிட்டது. காலுக்குப் பலம் வந்ததும் வீட்டுக்குப் போகலாம். பலம் வந்ததா என்று பார்ப்பதுதான் என் வேலை.

செய்முறை எளிது. அவரைப் படுக்கவைத்து, பாதத்தில் என் உள்ளங்கையை வைத்து, "என்னைத் தள்ளுங்க" என்று சொல்ல வேண்டும். அவர் தள்ளும் பலத்துக்கு ஐந்துக்குள் ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். காலைத் தானாகத் தூக்க முடிந்து, எதிர்த்துத் தள்ள முடியாவிட்டால் மூன்று. நான்கு வந்தால்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார்.

போடியார் காலை உயரத் தூக்கினார், மடக்கினார், நீட்டினார். "தள்ளுங்க ஐயா" என்றதும் மட்டும் அந்தக் கால் என் கையைக் கோழிக்குஞ்சு தீனியைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டுப் பின்வாங்கிவிடும். உடனே கட்டிலிலிருந்து எட்டி என் கையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நானும் கும்பிடுவேன். பிறகு மூன்று என்று குறிப்பேன்.

"இண்டைக்கு எத்தின, புள்ள?" என்பார் போடியார்.

"மூண்டு ஐயா."

"நேத்தும் மூண்டுதானே?"

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி பெருமூச்சு விடுவார். "வயல் வட்டையில வெள்ளாமை விளைஞ்சு தலைசாஞ்சு கிடக்கு மனே. இவரு போகாட்டி ஒருத்தனும் அரிவாளத் தொடமாட்டான். எல்லாத்தையும் காட்டுப் பண்டி தின்னப்போகுது."

குற்றம் என்னுடையது என்றே நினைத்தேன். பயிற்சியைத் தவறாகக் கொடுத்துவிட்டேனா? வலது காலுக்குக் கொடுத்துவிட்டேனா? என் இடது பக்கமா, அவருடைய இடது பக்கமா என்று பஸ்ஸில் எங்கள் ஊர் செட்டிபாளையம் வரும்வரை கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து ஆசனத்துப் பெண் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தார்.

என் கைதான் பழுதோ என்று சோதிக்க, வீட்டில் கணவரைப் பிடித்துப் படுக்கவைத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். என் அம்மாவின் முன்னால் சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குபவர். ஆனால் தள்ளு என்றதும் தள்ளினார். நான் போய்த் துவைத்த உடுப்புக் கூடைக்குள் உட்கார்ந்தேன். எங்கள் மகள் கைதட்டி, "இன்னொருக்கா!" என்றாள்.

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டார்.

"என்னடி இது?"

"படிப்பம்மா."

"புருசன் காலால ஒதைக்கிறதா படிப்பு?"

"மாமி, அவதான் ஒதைக்கச் சொன்ன" என்றார் கணவர், கட்டிலில் எழுந்து சம்மணம் கட்டிக்கொண்டு.

"அவ சொன்னா? நாளைக்குக் கிணத்துல தள்ளச் சொன்னாலும் தள்ளுவீங்களா மருமகன்?"

அன்று கணவர் சோற்றைக் கேட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். நான் என் கையில் பழுதில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன். அதனால் கவலை கூடியது. கை சரியென்றால் கால்தான் சரியில்லை. கால் சரியில்லையென்றால் நான் கொடுத்த பயிற்சி சரியில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் வேலை முடிந்து போனவள், மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பி வந்து, வார்ட்டுக் கதவடியில் மாட்டியிருந்ததை எடுத்தேன். போடியாரின் சுடுதண்ணிப் போத்தல் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் உருண்டு போயிருந்தது. மனைவி குனிந்து கையை விட்டுப் பார்த்தார், எட்டவில்லை. போடியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, இடது பாதத்தை அலுமாரியில் ஊன்றி, ஒரு தள்ளுத் தள்ளினார். அலுமாரி கிறீச்சிட்டுக்கொண்டு பக்கவாட்டில் அடுத்த கட்டில்வரை போனது, பின்னால் போத்தல் தெரிந்தது. சிற்றூழியர் இருவர் சேர்ந்து முக்கி நகர்த்தும் அலுமாரி அது.

நான் கதவடியில் குடையோடு நின்றேன். அவர் தினமும் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. மகளின் படப்புத்தகத்தில் என் கால் பட்டாலே நான் தொட்டுக் கும்பிடுகிறேன். ஒரு பெண்பிள்ளையைக் காலால் தள்ளு என்று இந்த மனிதரிடம் வாரம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேரே போய்க் கேட்டேன். "ஐயா, காலுக்குப் பலம் இருக்கு. என்னைத்தான் தள்ளுறீங்க இல்ல, என்ன?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஒரு புள்ளையப் பெத்த தாய். எப்பிடி, மகள், காலால தள்ளுற?"

"வெள்ளாமை?"

"பண்டி தின்னா அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். பொம்புளைய ஒதைச்ச பழிய என்ன செய்யிற?"

"அப்ப நான் பெயில் ஐயா" என்றேன்.

அவர் சாரத்தை இழுத்துக் காலை மூடினார். "வேற என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்" என்றார்.

மறுநாள் பரீட்சகர் வந்தார். வெளியூர்க்காரர், இளைஞர். சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, அதிலேயே உருண்டு உருண்டு கட்டில்களுக்கிடையே போய்வருவார். நான் போடியாரின் பாதத்தில் கையை வைத்தேன். கோழிக்குஞ்சு தொட்டது. போடியார் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

"எத்தின?" என்றார் பரீட்சகர்.

"நாலு சேர். அஞ்சாவும் இருக்கலாம்."

"இப்ப உங்கட கையில பட்டது நாலா?"

"இல்ல சேர். கைக்கு மூண்டுதான்."

அவர் பேனாவை நிறுத்தினார். கூட வந்து நின்ற மிஸ் மேலே மின்விசிறியைப் பார்த்தார். என் வாய்க்குள் மன்னிப்பு உருண்டு வந்தது. விழுங்கிவிட்டு, "ஐயா பொம்பிளைகளைக் காலால தள்ளமாட்டார். வேற வழியில காட்டுறன் சேர்" என்றேன்.

கட்டில் கம்பியைப் பிடித்து இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னேன், நின்றார். குதியை உயர்த்தச் சொன்னேன், உயர்த்தினார். திரும்பத் திரும்ப உயர்த்தி, இடையில் மனைவியிடம் வெற்றிலை எங்கே என்றும் கேட்டார். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்தார். பரீட்சகர் தலையை ஆட்டினாரே தவிர முகத்தில் நம்பிக்கை இல்லை.

"எனக்குத் தள்ளிக் காட்டட்டும்" என்று ஸ்டூலில் உருண்டு வந்து, பாதத்தில் கையை வைத்தார்.

போடியார் மனைவியைப் பார்த்தார்.

"சேர் ஆம்பிளதானே. தள்ளுங்களன்" என்றார் மனைவி.

"உண்மையாத் தள்ளட்டா தம்பி?"

"உள்ள பலம் முழுக்க, ஐயா."

வாரம் முழுக்க அடக்கிவைத்த பலம் அவ்வளவும் அந்தத் தம்பிக்குக் கிடைத்தது. ஸ்டூல் எட்டாம் கட்டிலைத் தாண்டி ஓடி, ஒன்பதாம் கட்டிலில் முட்டி நின்றது. அந்தக் கட்டில்காரர் மரியாதையாகக் காலை மடக்கி, "இரிங்க சேர்" என்றார்.

பரீட்சகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அங்கிருந்தே சொன்னார்: "அஞ்சு."

நான் சித்தியடைந்தேன். ஸ்டூல் சக்கரத்தைப் பூட்டாமல் நோயாளியைத் தள்ளவிட்டது பாதுகாப்புப் பிழை என்று புள்ளி வெட்டினார்கள். பூட்டியிருக்க வேண்டியது நானா, அவரா என்று கேட்கத்தான் நினைத்தேன். மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

அடுத்தநாள் டாக்டர் போடியாரை வீட்டுக்கு அனுப்பினார். ஊன்றுதடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவரை வாசலில் மறித்து, பயிற்சியை நிறுத்தக்கூடாது, தினமும் யாராவது எதிரே கையை வைக்க அவர் தள்ள வேண்டும் என்று விளக்கினேன்.

அவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்னப் பாக்காதீங்க" என்றார் மனைவி.

"உன்ன ஆரு கேட்ட? வட்டையில உழவு மெசின் சும்மா நிக்குது, அதத் தள்ளுறன்" என்றார் போடியார்.