ஏரிக்கரையில் புடவை மாற்றிய பெண்

பட்டுப்புடவை விளம்பரத்துக்குப் படம் எடுக்க, மெட்ராசிலிருந்து ஒரு பெண்ணை எங்கள் ஏரிக்கரைக்குக் காரில் கூட்டி வந்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பெண்கள் நடவு முடித்துக் கரையேறிய நேரம். வந்தவள் நல்ல உயரம், மாநிறம். படக்காரர் கண்ணிலிருந்து கேமராவை இறக்கியதுமே முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வாள். சுற்றிலும் ஆம்பளைக் கூட்டம்.

"கார் மறைவுல அடுத்த புடவைய மாத்திக்கம்மா" என்றார் படக்காரர். கூட்டமும் காரின் அந்தப் பக்கம் நகர்ந்தது. அவள் புடவையை அணைத்தபடி நின்றுவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா வேடிக்கை? உங்க வூட்ல பொம்பளைங்க இல்ல?" என்று அதட்டினேன்.

"அக்கா, நீயும் ஒரு போஸ் குடேன்" என்றான் ஒருத்தன்.

"குடுப்பேன், நீ தாங்க மாட்டே!"

ஐவரும் அவளைச் சுற்றி, முதுகு காட்டி, முந்தானைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். "நிதானமா கட்டிக்கம்மா" என்றேன்.

கட்டி முடித்ததும், "ஓரமா போங்க, படத்துல விழுவீங்க" என்று படக்காரர் எங்களை விரட்டினார். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இவங்க உங்க பின்னால நிக்கட்டும் சார். இல்லன்னா எனக்குச் சிரிப்பு வராது."

நின்றோம். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், பட்டுக் கட்டிய சந்தோஷம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.