ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை

ராஜபாளையத்தில் நான் தங்கியிருக்கும் லாட்ஜின் பின்புறத் தோட்டத்தில்தான் சாப்பாடு. சனிக்கிழமை என்பதால் இன்று மெல்லிசையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக் கடை மருந்துக் கடையாகப் பையைச் சுமந்து ஏறி இறங்கியதில் கால் கடுக்கிறது. காலியாக இருப்பது ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை ஒன்றுதான். பரோட்டா என்று சொல்வதற்கே சர்வரிடம் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது.

எதிர் மேசையில் நூல் மில் தொழிலாளர்கள் சிலர். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அவர்கள் கத்தவே இல்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். மேடையில் ஒல்லியான ஒருவன் உச்சத்துக்குப் போக முடியாமல் தடுமாறுகிறான்.

“இவனுக்கெல்லாம் எதுக்குப் பாட்டு” என்று முணுமுணுக்கிறேன். என் காதுக்கே அது கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் எதிர் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வருகிறார்.

“கோவிச்சுக்கிடாதீங்க சார். அவன் எங்க மில்லுல வேலை பாக்கான். இன்னைக்குத்தான் மொதமொத மேடை ஏறுதான்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“மிசின் இரைச்சல்ல நாங்க வாயைப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம். நீங்க சொன்னது எனக்குத் தெரிஞ்சுது.” மேடைப் பக்கம் கை காட்டுகிறார். “அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

மேடையைப் பார்க்கிறேன். மைக்கைப் பிடித்தபடி அவன் என்னையே பார்க்கிறான். அடுத்த பாட்டு தொடங்குகிறது. அறைக்குப் போய்ப் படு என்று உடம்பு கெஞ்சுகிறது. இப்போது எழுந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும்.

பரோட்டா வருகிறது. உதட்டை அசைக்காமல் மெல்லுகிறேன்.