அவர் சொன்னது மரத்தை

என் கணவருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து, 2006-ல் தஞ்சாவூரிலிருந்து ஹைதராபாத் போனோம். திருமுல்கேரியில் வாடகை வீடு. கொல்லையில் ஒரு எலுமிச்சை மரம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அம்மாவின் எலுமிச்சை மரம், காய்த்துக் குலுங்கும். சாகக் கிடந்த மகன் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு, வருடா வருடம் போனாலு திருவிழாவில் அந்த மரத்துப் பழத்தில்தான் அம்மனுக்கு மாலை போடுகிறார். பாதி சைகையில் அவரே சொன்னார்.

என் பெண் அப்போது யு.கே.ஜி. முழங்கை மடிப்பில் கரப்பான் படை. பள்ளி ஆயா "கஜ்ஜி" என்று சொல்லித் தனியாக உட்கார வைத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த தெலுங்கு நாலே வார்த்தை. அதில் சுட்ட வார்த்தை அது. தெலுங்கில் சொறி என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, என் பெண் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சுவர் வழியாக எட்டிப் பார்த்து, கையை நீட்டிச் சொன்னார்: "கஜ்ஜி ஒச்சிந்தம்மா. கோசெய்யண்டி. மாக்கு கூட அண்டுக்குண்டுந்தி."

என் காதில் விழுந்தது முதல் வார்த்தைதான். பெண்ணை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவை அறைந்து சாத்தினேன். இனி அந்த ஆன்ட்டி பேச்சே எடுக்கக்கூடாது என்றேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் கூப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

இதற்குள் எங்கள் மர இலைகளில் பழுப்புப் புள்ளிகள். தடவினால் சொரசொரவென்றிருக்கும், சுற்றிலும் மஞ்சள் வளையம். தூசி என்று நினைத்து, தினமும் குழாயைப் பிடித்து மரத்தின் தலையோடு தண்ணீர் அடித்தேன். பழங்களிலும் பொருக்குத் தட்டிய பிறகுதான் செகந்திராபாத்தில் ஒரு நர்சரிக்கு ஒரு கிளையை எடுத்துப் போனேன். அதை நடத்தியவர் ரயில்வே காலனித் தமிழர், பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்.

"ஹவ், இது கஜ்ஜிதாம்மா. நம்ம ஊர்ல சொறி நோய்னுவாங்க. புள்ளி விழுந்த கிளைய வெயில் நாளாப் பாத்து வெட்டி எரிச்சிருங்க. அப்புறம் காப்பர் மருந்து அடிங்க. மேல தண்ணி அடிக்கறது நக்கோ, வேணாம், தெறிச்சு பக்கத்து மரத்துக்கும் போயிரும்."

வீட்டுக்கு வந்து, பள்ளியில் அதற்குள் தெலுங்கு பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன், அன்றைக்கு ஆன்ட்டி என்ன சொன்னார் என்று.

"மரத்தத்தான் சொன்னாங்க. வெட்டிடுங்க, எங்க மரத்துக்கும் ஒட்டிக்கும்னாங்க."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீதானே அவங்க பேச்சே எடுக்காதேன்ன."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கிளைகளை வெட்டி எரித்தேன், மருந்தும் அடித்தேன். பெண்ணையே மொழிபெயர்க்கச் சொல்லி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பர்வாலேதம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் மரமும் முழுக்கச் சொறி பிடித்துப் போயிருந்தது. அவரும் வெட்டினார், மருந்து அடித்தார். அடுத்த போனாலுவுக்குள் அது தேறவில்லை. வடு விழுந்த பழத்தை அம்மனுக்குப் போடக்கூடாதாம். அத்தனை வருடத்தில் முதல்முறையாக, மார்க்கெட்டிலிருந்து பாலிதீன் பையில் எலுமிச்சை வாங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் பையை முந்தானையால் மூடிக்கொண்டார்.

இப்போதெல்லாம் புரியாத பாஷையில் யார் என்ன சொன்னாலும் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த முந்தானையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.