பூஜை போட்ட குழி

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதம். கொல்லிமலை வாழவந்தி நாட்டில் எங்கள் தோட்டத்தில் மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் போர்வெல் வண்டியில் டிரில்லர். முள்ளுக்குறிச்சி ஆட்கள் நான்கு பேரோடு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு ஆழ்குழாய்க் கிணறு போடப் போயிருந்தார். திடீரென்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாக டி.வி.யில் சொன்னார்கள். தெருவெல்லாம் துப்பாக்கி. போனும் கட்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாட்டையும் அங்கிருப்பவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். முகம்கூடப் பார்க்காத மனிதர்களை அப்படித் திட்டியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. பஸ் ஸ்டாப் மேட்டுக்குத்தான் போக வேண்டும். ஐந்தாம் நாள் காலை அங்கே நின்றிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"கம்பெனி கெளம்பச் சொல்லிருச்சு புள்ள. ஆனா நாங்க அஞ்சு பேரும் இங்கயே இருக்கறோம். பூஜை போட்ட குழி, இன்னும் தண்ணி வரல."

எங்கள் பக்கத்து போர்வெல்காரர்கள் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்த குழியைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுக்க மாட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரியும்தான். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, உசுர விட குழி பெருசுங்களா? மொதல்ல ஊடு வந்து சேருங்க!" பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நேத்து துப்பாக்கியோட ஒரு கும்பல் வண்டியப் புடுங்க வந்துச்சு. இந்த ஊர்ப் பொம்பளைங்க நாப்பது பேரு காலிக் கொடத்தோட வண்டியச் சுத்தி உக்காந்துட்டாங்க. சுட்டாலும் எந்திரிக்க மாட்டோம்னுட்டாங்க. வந்தவனுங்க திரும்பிப் போயிட்டானுங்க. இவங்கள உட்டுட்டு எப்படி வாரது, சொல்லு?"

நான் பதில் சொல்வதற்குள் அங்கிருந்த ஒரு பெண் போனை வாங்கி அதட்டலாக ஏதோ பேசினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அந்தப் பாஷை கொஞ்சம் பழகியிருந்த என் கணவர்தான் அர்த்தம் சொன்னார். "தண்ணி வந்ததும் உம் புருசனப் பத்திரமா அனுப்பறாங்களாமா. அதுவரைக்கும் தர மாட்டாங்களாமா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "சரிங்கன்னு சொல்லிருங்க" என்றேன்.

அந்த போன் வந்த மூன்றாம் நாள் தண்ணீர் பீறிட்டதாம். அடுத்த மாதம் ஐந்து பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

இந்த வருடம் மறுபடியும் அதே நாட்டுக்குக் கிளம்பினார். அங்கே இன்னும் ராணுவ ஆட்சிதான். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? அந்த நாட்டுக்கா அனுப்பறே?" என்று என் அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார்.

"அங்க நாப்பது பொம்பளைங்க இருக்காங்க. நீ போயி உன் வேலையப் பாருண்ணா" என்றேன்.

ஆட்சி எவன் கைக்குப் போனாலும் எங்கள் தண்ணீரை விட்டுத்தர மாட்டோம் என்று துப்பாக்கி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்த அவர்களை நினைத்தால், இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.