நரம்பு என்று நினைத்து நீவியது

எங்கள் ஊரில் உடம்புக்குள் கயிறு மாதிரி எது இருந்தாலும் அதற்கு நரம்பு என்றுதான் பெயர். நரம்பு பிசகினால் எண்ணெய் விட்டு நீவ வேண்டும். அதில் நான் கைதேர்ந்தவன் என்று எனக்கு நானே பட்டம் கட்டியிருந்தேன்.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. தீவனம் அரைக்கும் கொட்டகையைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. மக்காச்சோளத் தூசி பறந்தால் அடுக்கடுக்காகத் தும்முவாள். கழுத்திலும் கையிலும் தடிப்பு எழும்பும். வருஷக்கணக்காக அப்படித்தான். "தும்மறத நிறுத்து புள்ள, கோழி மெரளுது" என்று கேலி செய்வேன். வேலையாட்கள் சிரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இதை எழுதவே கூசுகிறது.

பிறகு குதிகாலுக்கு மேலே வலி என்றாள். காலையில் எழுந்தால் காலை ஊன்ற முடியவில்லை. மாதங்கள் போயும் ஆறவில்லை. நாளுக்கொரு நோவு சொல்கிறாளே என்று எரிச்சல் எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, விளக்கெண்ணெயைச் சுடவைத்து, கட்டைவிரலால் அழுத்தி நீவினேன்.

"உடுங்க மாமா, உசுரு போகுதுங்க!"

"நடிக்காத புள்ள. நரம்பு எடத்துக்கு வரோணும்னா நோவத்தான் செய்யும்."

மறுநாள் விரல் பதிந்த இடமெல்லாம் கன்றி, கணுக்கால் வீங்கிப்போனது. அப்போதும் மூன்று நாள் கழித்துத்தான் சேலத்துக்கு அழைத்துப் போனேன்.

எலும்பு மருத்துவர் ஒரு பெண். காலைத் தொட்டுப் பார்த்தவர், அவள் கையில் இருந்த தடிப்பைக் கண்டு, தூசி, தும்மல் பற்றியெல்லாம் கேட்டார். "அது வேறீங்க, இது வேறீங்க" என்று நான் முந்திக்கொண்டேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"இது நரம்பு இல்லம்மா, சதையை எலும்போட கட்டற நாண். அலர்ஜியால உடம்பு முழுக்க அழற்சி இருந்துட்டே இருந்தா, நாணும் பாதிக்கலாம், ஆறவும் நாளாகலாம். உங்களுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நாண் பாதி கிழிந்திருந்தது.

"இதைப் போட்டு இப்படி அழுத்துனது யாரு?"

சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது.

"நானேதானுங்க," என்றாள் என் மனைவி. "வலி தாங்காம நானே நீவிக்கிட்டேனுங்க."

மருத்துவர் அவளைத் திட்டினார். எத்தனை தடவை சொன்னாலும் நீங்களெல்லாம் கேட்பதில்லை என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த நான், மருத்துவர் சொல்வது சரி என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.