செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்

வெளிநாட்டில் வேலை செய்யும் நான், ஒரு வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு இங்கேயும் வரி. அந்த வருடம் இரண்டு தடவை வந்ததில், படாளம் வீட்டில் நாளை எண்ணியே அலுத்துப்போனேன். நூற்று எண்பத்தோராவது நாள், செவ்வாய்க்கிழமை, கிளம்பினேன். மறுநாள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

செவ்வாயன்று வடக்கே சூலம் என்று யாரையும் சென்னைப் பக்கம் விடாத அப்பா, தானே என் பெட்டியைக் காரில் ஏற்றினார்.

“சூலம் இன்னா பண்ணும்? அம்மாவ நான் இட்டுகினு போறேன். நீ கெளம்பு நைனா.”

பிறகு ஆடிட்டர் சொன்னார்: “வந்து எறங்குன ரெண்டு நாளையும் கணக்குல விட்டுட்டீங்களே சார். திங்கட்கிழமையே நூத்தி எம்பத்திரெண்டு ஆயிடுச்சு.”

வரியைக் கட்டிவிட்டேன். ஆபரேஷன் அன்றைக்கு நான் இருந்திருக்கலாம் என்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.